எட்டடிப் பலகையில் பதினைந்தடிப் படகு: ஸ்கார்ஃப் இணைப்பு என்றால் என்ன?

பிளைவுட் பலகை கடையில் எட்டடிக்கு நான்கடி என்ற அளவில் கிடைக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் 2440க்கு 1220. அலமாரி செய்பவருக்கு இது தாராளமான அளவு. படகு கட்ட நினைப்பவருக்கோ வேலையைத் தொடங்கும் முன்பே இது ஒரு முட்டுக்கட்டையாக வந்து நிற்கிறது. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கிளியர்வாட்டர் நகரில், கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்கள் பாய்மரம் பழகுவதற்கென்று ஆப்டிமிஸ்ட் என்ற சிறு படகை வரைந்தபோது அந்த அளவுக்குள்ளேயே நின்றுகொண்டார். இரண்டு பிளைவுட் பலகைகளில் படகு முழுவதும் அடங்கிவிட வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை. அதனால் படகின் நீளம் 2.36 மீட்டரோடு நின்றது. அதன் மூக்கு கூராக நீளாமல் சதுரமாக வெட்டிவிட்டதுபோல இருப்பதற்கும் பலகையின் நீளம் ஒரு காரணம். சென்னைத் துறைமுகத்தில் பாய்மரம் பழகும் பிள்ளைகள் இன்று ஏறுவதும் அந்த வடிவத்தில்தான், இப்போது அது ஃபைபரில் வார்க்கப்படுகிறது என்றாலும்.

ஒரு சிறுவனுக்கு எட்டடி போதும். பெரியவர்கள் இருவர் அமர்ந்து, துடுப்பும் சிறிது சாமானும் வைத்துக்கொள்ளப் பதினான்கு, பதினைந்து அடியாவது வேண்டும். அப்போது இரண்டு பலகைகளை நீளவாக்கில் இணைத்து ஒரே பலகையாக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இணைப்பு தண்ணீரில் நனையும், வெயிலில் காயும், அலையில் முறுக்கப்படும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, படகின் வடிவத்துக்கு ஏற்ப வளைக்கப்படும். இவ்வளவையும் தாங்கும்படி செய்யப்படும் இணைப்புக்குப் படகுக் கட்டுமானத்தில் ஸ்கார்ஃப் என்று பெயர். தமிழில் அதைச் சரிவு இணைப்பு என்று சொல்லலாம். இரண்டு பலகைகளின் முனைகளையும் நீண்ட சரிவாக இழைத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டுவதுதான் அது. கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அடியில் செருகும் மர ஆப்புகள் இரண்டை எடுத்து, ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகத் திருப்பியும் சரிவோடு சரிவு படிய வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் சமமான ஒரு கட்டை கிடைக்கும். சரிவு இணைப்பின் வடிவம் முழுவதும் அவ்வளவுதான்.

முனையோடு முனை வைத்து நேராக ஒட்டினால் என்ன என்ற கேள்வி எல்லோருக்கும் முதலில் எழும். மரம் என்பது மெல்லிய குழாய்களை நெருக்கமாகக் கட்டி வைத்ததுபோன்ற பொருள். அதன் பக்கவாட்டில் பசை தடவினால் நாரின் மேல் படிந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய முனையில் தடவினால், குழாய்களின் வாய் திறந்திருப்பதால், பசையில் பெரும்பகுதி உள்ளே இழுக்கப்பட்டு மேலே பிடிப்பதற்கு மிச்சமில்லாமல் போய்விடும். பரப்பும் சிறியது: 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பசை பிடிப்பதற்குக் கிடைப்பது அந்த 6 மில்லிமீட்டர் விளிம்பு மட்டுமே. இப்படி ஒட்டிய பலகையைத் தரையிலிருந்து தூக்கும்போதே இணைப்பு பிளந்துவிடும்.

அதே விளிம்பை, தடிமனைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்தால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. பசை பிடிக்கும் பரப்பு எட்டு மடங்காகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். இன்னொன்று, என் பார்வையில் இதைவிட முக்கியமானது, விசையின் திசை மாறுவது. முனையோடு முனை ஒட்டிய பலகையை இழுத்தால் அந்த இழுப்பு முழுவதும் பசையைப் பிய்க்கும் திசையிலேயே செயல்படுகிறது. சரிவாக ஒட்டிய பலகையை இழுத்தால், ஒரு சரிவு மற்றொன்றின் மேல் வழுக்கப் பார்க்கிறதே தவிர, அவற்றைப் பிரிக்கும் விசை மிகச் சொற்பமாகவே எழுகிறது. கணக்காகச் சொன்னால், பலகையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 பங்கு இழுவிசை வருகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் பசைக்கோட்டை வழுக்கச் செய்யும் விசை சுமார் 12 பங்கு. அதைப் பிய்க்கும் விசை ஒன்றரைப் பங்குதான். பசைகள் வழுக்கலை நன்றாகத் தாங்கும், பிய்த்தலுக்கு எளிதில் இடங்கொடுத்துவிடும் என்பதால், பசைக்குப் பிடிக்காத வேலையை அதனிடமிருந்து ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிடுகிறோம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? சரிவின் நீளத்தைத் தடிமனைப் போல நான்கு மடங்காகக் குறைத்தால் வழுக்கும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகி 24 பங்கை நெருங்குகிறது; பிய்க்கும் விசையோ நான்கு மடங்காகி 6 பங்காகிறது. மாறாகப் பன்னிரண்டு மடங்காக நீட்டினால் வழுக்கும் விசை 12 பங்கிலிருந்து 8 பங்காகக் குறைகிறது. அந்தச் சிறிய ஆதாயத்துக்காக ஒன்றரை மடங்கு நீளமுள்ள சரிவைத் துல்லியமாக இழைக்க வேண்டும், ஒவ்வோர் இணைப்பிலும் பலகையின் நீளத்தில் அதிகம் இழக்கவும் வேண்டும். பாய்மரத் தூண் போன்ற முழுமரத் துண்டுகளுக்குப் பன்னிரண்டு மடங்கே வழக்கம். மரத்தாலான விமானங்களின் பழுதுபார்ப்பிலும் பத்து, பன்னிரண்டு என்ற நீண்ட சரிவுகளையே கேட்பார்கள். பிளைவுட்டுக்கு எட்டு போதுமானதாக இருப்பதற்குக் காரணம் அதன் அடுக்கமைப்பு. அதில் ஓர் அடுக்கின் நார் நீளவாக்கிலும் அடுத்த அடுக்கின் நார் குறுக்குவாக்கிலும் மாறி மாறி ஓடுவதால், நீளவாக்கு இழுப்பைத் தாங்குவது ஏறக்குறைய பாதி மரந்தான். பலகையே அவ்வளவுதான் தாங்கும் என்னும்போது இணைப்பை அதற்கு மேல் பல மடங்கு வலுவாக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே 4 மில்லிமீட்டர் பலகைக்கு 32, ஆறுக்கு 48, ஒன்பதுக்கு 72, பன்னிரண்டுக்கு 96 மில்லிமீட்டர் என்பது சரிவின் நீளம். இரண்டு சரிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அந்த நீளம் ஒரு தடவை கழிந்துவிடும். 6 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை இணைத்தால் கிடைப்பது 4880 அல்ல, 4832 மில்லிமீட்டர். வரைபடத்தில் 4850 தேவைப்படும் ஒரு பக்கப்பலகைக்காக இரண்டு பலகைகளை ஒட்டி முடித்த பிறகு இதை உணர்பவர்கள் உண்டு. கூட்டிக் கழிப்பதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

வலிமைக்கு இணையான இன்னொரு காரணமும் சரிவு இணைப்புக்கு உண்டு. படகின் அழகும் ஓட்டமும் அதன் பக்கங்கள் இழையாக வளைவதில் இருக்கின்றன. இரண்டு பலகைகளை முட்டவைத்து, உட்புறம் ஒரு பட்டைப் பலகையை வைத்து ஒட்டிவிட்டாலும் இணைப்பு வலுவாகவே இருக்கும். ஆனால் பட்டை இருக்கும் இடத்தில் தடிமன் இரட்டிப்பாகிவிடுவதால் அந்த ஓரடி நீளம் வளைய மறுக்கும். பக்கப்பலகையை வளைத்துக் கட்டியபின் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்கினால், வளைவு ஓடிவந்து அந்த இடத்தில் சற்றே நேராகி, மீண்டும் வளைவதைக் காணலாம். சரிவு இணைப்பில் தடிமன் எங்கும் மாறுவதில்லை. அதனால் பலகை முழுவதும் ஒரே மனத்தோடு வளைகிறது.

தைத்து ஒட்டும் முறையில் படகு கட்டுபவர்களுக்கு இந்தக் குணம் மிகவும் வேண்டப்படுவது. பிளைவுட் துண்டுகளை வடிவமாக வெட்டி, விளிம்பில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து நிறுத்தி, மூலைகளைப் பிசினாலும் கண்ணாடியிழையாலும் மூடுவது அந்த முறை. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்த மிரர் என்ற சிறு படகு இதைப் பரவலாக்கியது. நம் கரைக்கும் இதில் பங்குண்டு. 1980களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், குடைந்து செய்யும் வள்ளங்களுக்கேற்ற பெருமரங்கள் அரிதாகி விலை ஏறியிருந்த காலத்தில், பிரிட்டனிலிருந்து வந்த தொழில்நுட்ப உதவியோடு மீனவர்களுக்கான பிளைவுட் வள்ளங்கள் இதே முறையில் கட்டப்பட்டு, அங்கிருந்து தென்கேரளக் கரை வரை பரவின. இருபதடிக்கு மேல் நீளும் ஒரு வள்ளத்தின் பக்கம் ஒற்றைப் பலகையில் வராது என்பதால், அங்கும் பலகைகளை நீளவாக்கில் இணைக்கும் வேலையில்தான் எல்லாம் தொடங்கும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து மசூலாப் படகு கட்டிய சோழமண்டலக் கரைக்குத் தையல் புதிதல்ல; பசைதான் புதிது.

பலகையைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் மரைன் பிளை என்று கேட்டால் மட்டும் போதாது, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் பலகையின் மேல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ். 303 என்ற எண் பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட்டைக் குறிப்பது. வீட்டுச் சமையலறைக்கு அது போதும், படகுக்குப் போதாது. வெளிநாட்டு வரைபடங்களில் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தைக் கேட்டிருப்பார்கள். உள் அடுக்குகளில் இடைவெளி இருக்கக் கூடாது என்பதே படகுக்கு நமக்கு வேண்டிய முக்கியமான குணம். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. மரைன் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட முத்திரையில்லாத ஒரு பலகையை இழைத்தபோது, மூன்றாவது அடுக்கில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, சரிவின் நடுவே இருட்டாக வாய் திறந்தது. ஒரு விதத்தில் சரிவு இழைப்பது பலகைக்கான சோதனையும் ஆகிவிடுகிறது.

இனி இழைப்பு. புதிதாகத் தொடங்குபவர்கள் மிகவும் அஞ்சும் கட்டம் இதுதான். ஆறு மில்லிமீட்டர் தடிமனை நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் தூரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும், அதுவும் நான்கடி அகலம் முழுவதும் மேடுபள்ளம் இல்லாமல் என்று கேட்கும்போது, இதற்குத் தேர்ந்த தச்சர்தான் வேண்டும் என்று தோன்றும். அப்படியில்லை. இணைக்க வேண்டிய இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, படிக்கட்டுபோல அடுக்குவதில் சூட்சுமம் இருக்கிறது. நேரான, தட்டையான ஒரு மேசையின் மேல், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பலகைத்துண்டை விரித்து, அதன் விளிம்போடு கீழ்ப்பலகையின் விளிம்பு பொருந்துமாறு வைக்க வேண்டும். மேற்பலகையைச் சரியாக 48 மில்லிமீட்டர் பின்தள்ளி வைக்க வேண்டும். மேற்பலகையின் மேல் அதன் விளிம்பிலிருந்து 48 மில்லிமீட்டரில் பென்சிலால் ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். இப்போது அந்தக் கோட்டிலிருந்து கீழ்ப்பலகையின் அடிவிளிம்பு வரை ஒரே சரிவை மனத்தில் வரைந்துபார்த்தால், அது இரண்டு பலகைகளின் சரிவையும் தன்னுள் அடக்கிய ஒரு நீண்ட சாய்தளமாக இருக்கும். சரிவு நீண்டதாக இருப்பதால் இழைப்புளி அதன் மேல் தடுமாறாமல் படுத்து ஓடும். நான்கு பலகைகள் இருந்தாலும் இப்படியே அடுக்கி ஒரே வேலையாக இழைத்துவிடலாம்.

அடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழைத்து முடித்த பிறகு இரண்டில் ஒரு பலகையைக் கவிழ்த்துத்தான் ஒட்ட முடியும். ஆகவே நல்ல முகம் இரண்டு பலகைகளிலும் ஒரே பக்கம் வர வேண்டுமானால், அடுக்கும்போது ஒன்றின் நல்ல முகம் மேல்நோக்கியும் மற்றொன்றின் நல்ல முகம் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும்.

அடுக்கைக் கிளாம்ப் போட்டு அசையாமல் இறுக்கியபின், படிகளின் முனைகளை முதலில் இழைப்புளியால் சாய்க்கத் தொடங்கலாம். இழைப்புளியின் அலகு நன்றாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும். பிளைவுட்டின் பசை கண்ணாடிபோல இறுகியிருப்பதால் அலகை விரைவில் மழுக்கிவிடும், நடுவில் ஓரிரு முறை மீண்டும் தீட்ட வேண்டியிருக்கும். மேலிருந்து கீழாக, சற்றுக் குறுக்காகச் சாய்த்துத் தள்ளினால் குறுக்கு அடுக்குகளின் நார் பெயர்ந்து வராது. பெல்ட் சாண்டர் என்ற மின் தேய்ப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் பெரும்பகுதி மரத்தை அதனால் அகற்றிவிடலாம். ஆனால் அது ஒரு நொடி ஓரிடத்தில் நின்றாலும் பள்ளம் பறித்துவிடும் என்பதால், கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கைக்கு விடுவதே என் வழக்கம்.

இழைக்க இழைக்க, இந்த வேலையை ஆரம்பக்காரருக்கும் சாத்தியமாக்கும் ஒன்று கண்முன்னே எழுந்து வரும். பிளைவுட்டின் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, சரிவின் குறுக்கே நான்கடி நீளத்துக்குப் பட்டைகளாக ஓடத் தொடங்கும். நீளவாக்கு நார் உள்ள அடுக்கு ஒளியில் மினுங்கும். குறுக்கு நார் உள்ள அடுக்கு மங்கலாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே பசை, மை தொட்டு இழுத்த கோடுபோலக் கறுப்பாக நிற்கும். ஐந்து அடுக்குப் பலகையில் இப்படி நான்கு கோடுகள். நில அளவை வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், இவையும் அவைதாம். ஒவ்வொரு பசைக்கோடும் பலகைக்குள் ஒரே உயரத்தில் கிடப்பதால், சரிவு சமதளமாக இருந்தால் கோடுகள் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஓடியே தீர வேண்டும். ஓரிடத்தில் கோடு மெல்லிய விளிம்பை நோக்கிப் புடைத்தால் அங்கே மேடு இருக்கிறது, இன்னும் இழைக்க வேண்டும். தடித்த பக்கம் நோக்கி உள்வாங்கினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. அந்த இடத்தைத் தொடாமல் சுற்றியுள்ளவற்றை அதன் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேலே உள்ள பட்டைகள் அகலமாகவும் விளிம்பை ஒட்டிய பட்டைகள் குறுகலாகவும் வந்தால் சரிவு தொப்பைபோல வெளியே பிதுங்கியிருக்கிறது என்று பொருள். மேல் அடுக்கு உள் அடுக்கைவிட மெல்லியதாகச் செய்யப்படுவதும் உண்டு என்பதால் எல்லாப் பட்டைகளும் ஒரே அகலத்தில் இருக்குமென எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு பலகைகளிலும் ஒன்றுபோல இருந்தால் போதும். எந்த அளவுகோலும் இவ்வளவு தெளிவாகத் தவறைச் சுட்டிக்காட்டாது. முழுமரத்தில் சரிவு இழைப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

கோடுகள் நேரானதும், ஓரடி நீளமுள்ள தட்டையான கட்டையில் 80ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி ஒருமுறை தேய்த்துவிட்டால் போதும். கீழ்விளிம்பு தாள்போல மெலிந்து வரும். அதைக் கத்தி முனையாக்க முயன்றால் அது சிராய் சிராயாகப் பெயர்ந்து அலையலையாகிவிடும். அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் விட்டுவைப்பது பாதுகாப்பானது. அடியில் விரித்த பலகைத்துண்டு அந்த மெல்லிய விளிம்பைத் தாங்கிக்கொள்ளும். இழைப்புளி அதையும் சேர்த்துச் சீவட்டும்.

பசைக்கு, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசினான எபாக்ஸியே இன்று பெரும்பாலானவர்களின் தேர்வு, அதற்குக் காரணம் உண்டு. தச்சர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை நீண்டநாள் பாரத்தில் மெல்ல நழுவும், ஈரத்தில் தளரும். நம் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகு வேலைக்கென்று எளிதாகக் கிடைக்கும் பாலியஸ்டர் பிசின், கண்ணாடியிழைக்கு நல்லது என்றாலும், மரத்தை நம்பிக்கையாகப் பற்றுவதில்லை. எபாக்ஸி மரத்தை நன்றாகப் பற்றும். நம் இழைப்பில் மிஞ்சிய சிறு பள்ளங்களையும் நிரப்பிக்கொள்ளும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் குறித்த விகிதத்தில் அளந்தே கலக்க வேண்டும். பாலியஸ்டரில் வினையூக்கியைச் சற்றுக் கூட்டி விரைவில் இறுகச் செய்து பழகியவர்கள் எபாக்ஸியிலும் அப்படிச் செய்தால், மிஞ்சிய ஹார்டனர் சேர்வதற்குத் துணையில்லாமல் தங்கி, பிசின் என்றும் முழுமையாக இறுகாது. கையுறை அணியாமல் தொடவே கூடாது; சிலருக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அந்தப் பொருளின் அருகிலேயே போக முடியாது.

நம் ஊர் வெப்பத்துக்கும் ஒரு வார்த்தை. வெப்பம் பத்து பாகை செல்சியஸ் ஏறினால் எபாக்ஸி இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கும் கலவை, மே மாத மதியத்தில் தூரிகையை எடுத்துவருவதற்குள் குவளையிலேயே புகைந்து கட்டியாகிவிடலாம். ஆழமான குவளையில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே அது மேலும் விரைவாக இறுகும் என்பதால், கலந்தவுடன் அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு ஒட்டத் தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது. மரம் குளிர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அதன் துளைகள் பிசினை உள்ளே இழுக்கும், சூடேறும் நேரத்திலோ காற்றை வெளியே தள்ளிக் குமிழிகளை எழுப்பும்.

ஒட்டுமுன் பசையில்லாமல் ஒரு முறை பொருத்திப் பார்த்துவிட வேண்டும். மேசையின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் ஒரு பலகையைச் சரிவு மேலே தெரியும்படி வைத்து, மற்றொன்றைக் கவிழ்த்துப் படியவைத்தால், இணைப்பின் மேல் விரலை ஓட்டும்போது தட்டக் கூடாது. அளவுக்கு மேல் ஏறியிருந்தால் விளிம்பில் மேடு தட்டும், குறைந்திருந்தால் பள்ளம் தெரியும். இரண்டு பலகைகளின் நீளப்பக்கமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பாகை விலகினாலும், எட்டடி தள்ளியுள்ள முனையில் அது சுமார் 43 மில்லிமீட்டர் வித்தியாசமாக வளர்ந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கும் நிலையில் இரண்டு பலகைகளுக்கும் மேசையோடு சேர்த்து, இணைப்புக்குச் சற்று வெளியே, இரண்டிரண்டு சிறு ஆணிகளைத் தலை வெளியே நிற்கும்படி அடித்துவிட வேண்டும். இந்த ஆணிகள் அற்பமாகத் தோன்றும். என் முதல் இணைப்பில் இவற்றை வேண்டாமென்று விட்டுவிட்டேன். பசை தடவிய இரண்டு சரிவுகளை மேலிருந்து அழுத்தினால் அவை எண்ணெய் தடவிய சறுக்குமரம்போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பின்வாங்கும் என்பதை மறுநாள் காலையில் பாரத்தைத் தூக்கியபோது தெரிந்துகொண்டேன். ஏழு மில்லிமீட்டர் நகர்ந்து, நான்கடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது.

பசை தடவுவது இரண்டு கட்டமான வேலை. முதலில் எதுவும் சேர்க்காத எபாக்ஸியை இரண்டு சரிவுகளிலும் தாராளமாகத் தடவி, கால்மணி நேரத்துக்கும் குறைவாகக் காத்திருக்க வேண்டும். குறுக்கு அடுக்குகளின் பட்டைகள் அதைக் குடித்துவிட்டு வறண்டு வெளுத்து நிற்பதைக் காணலாம். அங்கெல்லாம் மீண்டும் தடவ வேண்டும். முனையோடு முனை ஒட்டும்போது பசை குழாய்களுக்குள் போய்விடும் என்று முன்பு சொன்னேனே, அந்தச் சிக்கலின் சிறு மிச்சம் இங்கே இருக்கிறது, அதற்கான மருந்துதான் இது. பிறகு மீதமுள்ள எபாக்ஸியில் சிலிகா தூளோ நுண்ணிய மரத்தூளோ கலந்து கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சரிவின் மேல் சீராகப் பரப்பி, மற்றதைக் கவிழ்த்து, ஆணித்துளைகளில் ஆணிகளைத் திரும்பச் செருகிவிட வேண்டும். மேலே இன்னொரு பாலித்தீன் தாள். அதன்மேல் நேரான ஒரு கனத்த பலகை. கிளாம்ப்புகள் இரண்டு ஓரங்களைத்தான் எட்டும். நான்கடி அகலத்தின் நடுப்பகுதியை எட்டாது. ஆகவே மேலே வைக்கும் பலகை நடுவில் சற்றே கீழ்நோக்கி வளைந்ததாக இருந்தால் ஓரங்களை இறுக்கும்போது நடுவும் அழுந்தும். இல்லையென்றால் செங்கல், தண்ணீர்க் கேன், மணல்மூட்டை எது கிடைத்தாலும் நடுவில் ஏற்றலாம். விளிம்பு நெடுகச் சிறிதளவு பசை பிதுங்கி வந்தால் போதும். பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி, எபாக்ஸிக்குத் தேவையான மெல்லிய படலம்கூட உள்ளே மிஞ்சாது.

ஒரு நாள் அசைக்காமல் விட்டுவிட்டுப் பாரத்தை எடுக்கலாம். வளைப்பதற்கு மேலும் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் எபாக்ஸியின் மேல் வழவழப்பான ஒரு படலம் படிவதுண்டு. அதை உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே புதைந்துபோகும், முதலில் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். பிதுங்கி இறுகிய பசை மரத்தைவிடக் கடினமானது என்பதால், கையால் தேய்த்தால் பசை நிற்க, இருபுறமும் மரம் தேய்ந்து பள்ளமாகிவிடும். கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் மட்டுமே தேய்க்க வேண்டும். மேலடுக்கு மிக மெல்லியது, அதைத் துளைத்துவிடாமல் நிறுத்தத் தெரிய வேண்டும்.

இந்த இணைப்பைப் படகில் எங்கே வைப்பது என்பதையும் வெட்டும் முன்பே முடிவு செய்வது நல்லது. வளைவு மிகக் கடுமையாக இருக்கும் மூக்குப் பகுதியைத் தவிர்க்கலாம்; அடுத்தடுத்த பலகைகளின் இணைப்புகள் ஒரே நேரில் வராமல் தள்ளி வைக்கலாம். வெளிப்புறம் தெரியும் மெல்லிய விளிம்பு படகின் பின்புறம் நோக்கி இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஓடும் நீர் அதைக் கிளப்பக் கூடாது என்பதற்காக. எபாக்ஸி ஒட்டில் அதற்கு அவசியம் குறைவு என்றாலும், செலவில்லாத வழக்கம் என்பதால் நான் அதைக் கைவிடவில்லை. சரிவு இழைக்க மனமில்லாதவர்களுக்கு மாற்றுகளும் உண்டு. தட்டை அடி கொண்ட படகில், இணைப்பு இருக்கைக்கு அடியில் மறைந்துவிடும் இடத்தில், பட்டைப் பலகை வைத்து ஒட்டுவது நேர்மையான எளிய வேலை. இருபுறமும் கண்ணாடியிழைப் பட்டை ஒட்டியும் இணைக்கலாம். கணினி வழி வெட்டி விற்கப்படும் படகுத் தொகுப்புகளில் பலகை முனைகளைப் புதிர்த்துண்டுகள்போல ஒன்றுக்குள் ஒன்று கோக்கும்படி வெட்டியிருப்பார்கள். கையால் செய்பவருக்கு அது ஆகாது.

படகுக்கான பலகைகளைத் தொடும் முன் மிச்சத் துண்டுகளில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அதே பலகையின் கழிவில் கையகலத் துண்டுகள் இரண்டை எடுத்து, இதே முறையில் சரிவு இழைத்து, இதே எபாக்ஸியால் ஒட்டி, ஒரு வாரம் விட்டுவைத்து, இரண்டு விரல் அகலப் பட்டைகளாக அறுக்க வேண்டும். ஒரு பட்டையை எடுத்து, இணைப்பு நடுவில் வரும்படி முழங்காலில் வைத்து, முறியும் வரை வளைக்க வேண்டும். இணைப்பு வழுக்கிப் பிரிந்து, சரிவின் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தால் பசை மரத்தைப் பற்றவேயில்லை. கலவை விகிதத்தையோ முதல் பூச்சையோ சரிபார்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பசை முகத்தில் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பாதி வெற்றி. பசைக்கோடு அப்படியே கறுப்பாக நிற்க, அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி மரமே சிராய் சிராயாகப் பிளந்திருந்தால், பெரிய பலகைகளை மேசையில் ஏற்றி அடுக்கத் தொடங்கலாம்.